நெதர்லாந்து போகும் பெற்றோருக்கு: பஸ்ஸிலும் ரயிலிலும் காதில் விழ வேண்டிய டச்சு

(குன்னூரில் நடந்த நமது சங்கத்தின் மூத்தோர் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் குடிநீர் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் காட்டுமாடு. இந்த முறை டச்சு மொழியா என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் குடியிருப்பில் பிள்ளைகள் நெதர்லாந்தில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதாது. பெரும்பாலும் ஐந்தோவன் நகரம். பிலிப்ஸ் கம்பெனி 1891-ல் பிறந்த ஊர் அது. அதை ஒட்டியுள்ள வெல்ட்ஹோவனில்தான் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் இருக்கிறது. கோவையிலும் சென்னையிலும் படித்த பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் நாம் பருப்புப் பொடியும் ஊறுகாயுமாகப் போய்ச் சேர்கிறோம், மூன்று மாதத்துக்கு.

போன பிறகு என்ன நடக்கிறது? காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தை காப்பகத்துக்குப் போய்விடும். நாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருப்போம். வீட்டு வாசலில் பஸ் நிறுத்தம் இருக்கும். பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், காலியாகவும் வரும். இருந்தாலும் சனிக்கிழமை வரட்டும், பையன் கூட்டிப்போவான் என்று காத்திருப்போம். குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கும், கூடலூருக்கும், மேட்டுப்பாளையத்துக்கும் ஐம்பது வருடமாகத் தனியாகப் போய் வந்தவர்கள் நாம். அங்கே போனால் சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறோம். அந்த மூன்று மாதத்தில் இதுதான் எனக்குப் பெரிய வருத்தமாகத் தெரிகிறது. சாப்பாடும் குளிரும் இரண்டாம்பட்சம்.

பிள்ளைகளைக் கேட்டால், "அங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்கப்பா, நீங்க ஒண்ணும் கத்துக்க வேண்டாம்" என்பார்கள். பாதி உண்மை. டச்சுக்காரர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள். நீங்கள் அரைகுறை டச்சில் வாயைத் திறந்தாலே அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுவது மனிதர்கள். பலகையும் ஒலிபெருக்கியும் அப்படி இல்லை. ஸ்கிப்பொல் விமான நிலையத்திலும் பெரிய ரயில் நிலையங்களிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். சின்ன ஊரில், திடீரென்று ஏதாவது மாறும்போது, பெரும்பாலும் டச்சு மட்டும்தான். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை உங்களுக்கு மொழியே தேவைப்படாது. ஒழுங்கு கெடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தேவைப்படும்.

நம்மில் ஒரு தம்பதிக்கு நடந்தது. பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை. மகன் வீட்டிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தியைப் பார்க்க ரயிலில் தனியாகக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். பெரிய ஊர் போலிருக்கிறது, எல்லாரும் இங்கேயே இறங்குகிறார்கள் என்று இவர்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்த ஊழியர் ஒருவர் இவர்களைக் கண்டு, நல்ல ஆங்கிலத்தில் வண்டி இதோடு முடிந்தது என்று சொல்லி, அடுத்த வண்டியில் ஏற்றியும் விட்டார். மொத்தம் பத்து நிமிடம். ஆனால் அந்த அம்மா மீதி இருந்த ஏழு வாரமும் தனியாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அந்த அறிவிப்பில் கட்டாயம் இருந்திருக்கக்கூடிய ஒரு சொல் "ஐண்ட்பண்ட்". கடைசி நிறுத்தம் என்று பொருள். அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் ஏழு வாரம் வீணாகியிருக்காது.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது டச்சு பேசுவது பற்றி இல்லை. அதற்கு நமக்கு வயதும் பொறுமையும் போதாது. காதில் விழுந்தால் பிடிக்க வேண்டிய சொற்களும் பலகையில் கண்ணில் பட்டால் நிற்க வேண்டிய சொற்களும் ஒரு முப்பது இருக்கும். வாயால் சொல்ல வேண்டியது ஐந்தாறு. அவ்வளவுதான். நம் குன்னூர் பஸ் நிலையத்தில் பாருங்கள், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் தமிழ் எழுத்து தெரியாமலேயே சரியான பஸ்ஸில் ஏறுகிறார்கள். "கோத்தகிரி போகுமா?", "இறங்கணும்", "சில்லறை" என்று நாலு சொல். மீதியெல்லாம் காது. இலக்கணப் புத்தகம் யாரும் அவர்களுக்குத் தரவில்லை.

முதல் சொல் "நீட்". ஆமாம், நம் பேரப்பிள்ளைகளைத் தூங்கவிடாத அதே நீட் போல ஒலிக்கும். டச்சில் அதற்கு "இல்லை", "கூடாது" என்று பொருள். இதன் தம்பி "ஃகேன்". அதற்கும் "இல்லை" என்றே பொருள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். அறிவிப்பில் வேறு எதுவும் புரியவில்லை என்றாலும், இந்த இரண்டில் ஒன்று காதில் விழுந்தால் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஏதோ ஒன்று நடக்காது என்று சொல்கிறார்கள்.

அடுத்தது நமக்கென்றே வைத்த கண்ணி. நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் "ரைட், ரைட்" என்றால் வண்டி கிளம்பும். டச்சிலும் "ரைட்" என்றால் ஓடுகிறது என்றுதான் பொருள். ஆனால் பலகையில் பெரும்பாலும் அதைப் பார்ப்பது "ரைட் நீட்" என்ற ஜோடியில்தான். அந்த வண்டி இன்று ஓடாது, ரத்து. ரைட் என்று கேட்டதும் சந்தோஷப்பட்டு உட்காராதீர்கள், அடுத்த சொல்லையும் கேளுங்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும். கதவும் திறந்திருக்கலாம். அதன் நெற்றியிலோ பலகையிலோ "நீட் இன்ஸ்டாப்பன்" என்று இருந்தால் ஏறக்கூடாது. அது பணிமனைக்குப் போகிற வண்டி. "ஸ்டாப்பன்" என்றால் நிறுத்துவது இல்லை, காலடி எடுத்து வைப்பது. "இன்ஸ்டாப்பன்" ஏறுவது, "அவுட்ஸ்டாப்பன்" இறங்குவது, "ஓவர்ஸ்டாப்பன்" வண்டி மாறுவது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி ரயில் நிலையம் உங்கள் கையில்.

"ஓவர்" என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு ஓவர் என்றால் முடிந்துவிட்டது. அங்கே "ஓவர் ஃபைஃப் மினூடன்" என்றால் இன்னும் ஐந்து நிமிடத்தில். வண்டி போய்விட்டது என்று நினைத்துத் திரும்பி நடக்க வேண்டாம். அது வரப்போகிறது.

தாமதத்துக்கு "ஃபெர்ட்ராஃகிங்". பலகையில் நேரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கூட்டல் குறியும் ஒரு எண்ணும் இருக்கும், அத்தனை நிமிடம் தாமதம். தண்டவாளத்துக்கும் பிளாட்பார எண்ணுக்கும் "ஸ்போர்". "ஸ்போர் 5" என்று சொல்வார்கள். அறிவிப்பில் ஸ்போர் என்று கேட்டு, அதன்பின் உங்கள் சீட்டில் இல்லாத வேறு எண் கேட்டால், பிளாட்பாரம் மாறிவிட்டது, எல்லாரும் படிக்கட்டை நோக்கி ஓடப்போகிறார்கள், நீங்களும் கிளம்பலாம். லிஃப்டுக்கு அங்கேயும் லிஃப்ட்தான். ஒரே பிளாட்பாரத்தின் இரு பாதிகளுக்கு அ, ஆ போல எழுத்து போட்டிருப்பார்கள். ஒரே நேரத்தில் இரு பாதியிலும் இரு வேறு வண்டிகள் நிற்கலாம். இன்னொன்று, சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. "ஃபோர்ஸ்ட" என்றால் முன்பாதி, "ஆஃக்டர்ஸ்ட" என்றால் பின்பாதி. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி நிம்மதியாகப் படுத்துத் தூங்கியே பழகிய நமக்கு இது புதிது.

வார இறுதியில் கிளம்பினால் "வெர்க்ஸாம்ஹேடன்" என்ற நீளமான சொல்லைப் பலகையில் பார்ப்பீர்கள். தண்டவாள வேலை நடக்கிறது. ரயிலுக்குப் பதில் அந்தத் துண்டு தூரத்துக்கு பஸ் விடுவார்கள். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டச்சுக்காரர்களும் நம்மைப் போல் இரண்டு மூன்று சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறவர்கள்தான். "ரயில்நிலையநுழைவாயில்" என்று சேர்த்து எழுதினால் நமக்குப் புரியாதா? பிரித்துப் படித்தால் போதும்.

நமக்கு மண்சரிவு, மரம் விழுந்தது என்றால் மலை ரயில் நிற்கும். அங்கே மலையே இல்லை. நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிக உயர்ந்த இடம் சுமார் 322 மீட்டர், நம் மேட்டுப்பாளையம் ரயில் நிலையமே 326 மீட்டர். இருந்தாலும் பெருங்காற்றும் பனியும், இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் ஒட்டிக்கொள்ளும் இலைகளும் வண்டிகளைத் தாமதப்படுத்தும். அந்த மாதங்களில் போகிறவர்கள் மேலே சொன்ன சொற்களை இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள்.

இனி பணம். பெரும்பாலான பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, ரொக்கமும் வாங்க மாட்டார்கள். தொடாமல் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைக் கருவியில் காட்டி ஏறலாம். 2023 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், மெட்ரோ, ரயில் எல்லாவற்றிலும் இந்த முறை உண்டு. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இங்கேயே வங்கிக்குப் போய் இயக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பயணத்தில் சோதித்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் நிலையத்து இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கலாம், அந்த இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு.

இதில் முக்கியமான சொல் "அவுட்செக்கன்". ஏறும்போது அட்டையைக் காட்டியது போல இறங்கும்போதும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கே இறங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. போன தூரத்துக்கான கட்டணத்தைவிட மிக அதிகமாகப் பிடித்துவிடும். நாம் பழக்கதோஷத்தில் இறங்கியதும் நடையைக் கட்டுவோம். பெரிய நிலையங்களில் கதவு இருக்கும், அட்டை காட்டினால்தான் திறக்கும், அங்கே மறக்க வழியில்லை. சின்ன நிலையங்களில் பிளாட்பாரத்தில் வெறும் கம்பம்தான் நிற்கும், நம்மைத் தடுக்க ஒன்றும் இல்லை. அங்கேதான் மறப்போம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அட்டை செல்லாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். ஏறும்போது அட்டை, இறங்கும்போது கைபேசி என்று மாற்றிக் காட்டினால் அது வேறு ஆளாகத்தான் கணக்காகும். வண்டி நிலையத்தை நெருங்கும்போது வரும் அறிவிப்பில் "அவுட்செக்கன்" என்று காதில் விழுந்தால், பையிலிருந்து அட்டையை வெளியே எடுங்கள்.

ரயிலில் கண்டக்டர் உண்டு. அவருக்குப் பெயரும் ஏறக்குறைய அதேதான், "கொண்டக்டர்". அறிவிப்பு "பெஸ்ட ரைஸிஃகர்ஸ்" என்று தொடங்கும். அன்புள்ள பயணிகளே என்று பொருள். 2017 டிசம்பர் வரை "சீமாட்டிகளே, கனவான்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அப்போதிருந்து இப்படி மாற்றிவிட்டார்கள். பழைய பாடப்புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் கவனிக்கவும். ஜன்னலில் "ஸ்டில்ட" என்று எழுதிய பெட்டியில் உட்கார்ந்தால் கைபேசியில் சம்பந்தியோடு பேசக்கூடாது. அமைதிப் பெட்டி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நம் குரல் எப்படி என்று நமக்கே தெரியும்.

பஸ்ஸில் "ஃபொல்ஃகெண்ட ஹால்ட்ட" என்று சொல்லி ஒரு பெயரைச் சொல்லும், அடுத்த நிறுத்தம். ஹால்ட் என்ற சொல் நம் ரயில்வேயிலும் உண்டு. உங்கள் நிறுத்தத்தின் பெயர் வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். யாரும் இறங்குவதாகத் தெரியாவிட்டால், ஏற ஆளும் இல்லாவிட்டால், டிரைவர் நிறுத்தாமல் போய்விடுவார். விசில் அடிக்க அங்கே ஆள் இல்லை.

ஊர்ப் பெயர்களிலும் ஒரு சிக்கல். நாம் தி ஹேக் என்று சொல்வது அங்கே "டென் ஹாஃக்". ஐந்தோவனுக்குப் போகும் வழியில் பலகையில் "ஸெர்டோஃகன்பொஸ்" என்று ஒரு வாய் நிறைய எழுதியிருக்கும் ஊரை ஜனங்கள் "டென் பொஸ்" என்றுதான் சொல்வார்கள். ஒரே ஊர். உதகமண்டலம் என்று பலகை, ஊட்டி என்று கண்டக்டர் குரல், அந்தக் கதைதான்.

எண்கள் கொஞ்சம் கவனம். டச்சில் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள். இருபத்தைந்து என்பதற்கு "ஃபைஃப்-என்-ட்வின்டஃக்", ஐந்தும் இருபதும். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 52 ஆகிவிடும், 25-ஆம் எண் பஸ்ஸுக்குப் பதில் 52-ஐத் தேடுவீர்கள். மணி இன்னும் மோசம். "ஹல்ஃப் ட்ரீ" என்று சொன்னால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. யாராவது வாயால் நேரம் சொன்னால் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பலகையில் 14:30 என்றுதான் இருக்கும், அதில் குழப்பம் கிடையாது.

இவ்வளவு நேரம் "ஃக" என்று ஒரு விசித்திர எழுத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆங்கில ஜி எழுத்தை டச்சுக்காரர்கள் தொண்டையில் காற்றை உரசவிட்டுச் சொல்வார்கள். வெளிநாட்டவர் எல்லாரும் இதற்கு அஞ்சுவார்கள், நமக்கு அந்த அச்சம் தேவையில்லை. "பகல்", "மகன்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் க, "கல்" என்பதில் வரும் அழுத்தமான க இல்லை, காற்று உரசிக்கொண்டு போகிறது. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் டச்சு ஒலி. ஐந்தோவன் இருக்கும் பிராபண்ட் பகுதியில் இதை மென்மையாகவே சொல்வார்கள், அது நம் "பகல்" க-வுக்கு இன்னும் பக்கம். ஆம்ஸ்டர்டாம் பக்கம் போனால்தான் கரகரப்பு அதிகம்.

மொழியும் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் செப்புக்காசின் பெயர்தான் நம் "துட்டு". சாக்குப் பையில் இருக்கும் "சாக்கு" அவர்களுடையது. "கக்கூஸ்" கூட அவர்கள் விட்டுப்போனதுதான். ஆனால் ரயில் நிலையத்தில் கக்கூஸ் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள், அங்கே அது இப்போது கொச்சை. "ட்வாலெட்" அல்லது "வே-ஸே" என்று கேளுங்கள். பல நிலையங்களில் அதற்குக் காசு உண்டு. நம் நீலகிரியில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அந்த நாட்டுத் தமிழில் அலுவலகத்தைக் "கந்தோர்" என்பதும், பீன்ஸைப் "போஞ்சி" என்பதும் டச்சிலிருந்து வந்தவை. நம் தோட்டத்தில் விளைகிற பீன்ஸ்தான். தேநீருக்கு டச்சில் "தே". நம் தேயிலையில் இருக்கும் அதே தே. ரயில் நிலையக் கடையில் "தே" என்று குன்னூர்க்காரர் யாரும் தைரியமாகக் கேட்கலாம். பால் கலக்காத சுடுதண்ணீரும் ஒரு பொட்டலமும் தருவார்கள், அதைக் குடித்துவிட்டு நம் ஊரை நினைத்துக்கொள்ளலாம்.

இனி வாயால் சொல்ல வேண்டியவை. ஏறும்போது டிரைவருக்கு "ஃகூடமொர்ஃகன்", மதியத்துக்கு மேல் "ஃகூடமிடாஃக்". இறங்கும்போது "டாங்க் யூ வெல்". அங்கே பலரும் டிரைவருக்கு வணக்கமும் நன்றியும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நமக்கும் இந்தப் பழக்கம் வந்தால் நன்றாக இருக்கும். இதில் வரும் "யூ" நம் நீங்கள், மரியாதை. நீ என்பதற்கு வேறு சொல் உண்டு, அது நமக்கு வேண்டாம், யாரையும் யூ என்றே சொல்லுங்கள். கூட்டத்தில் வழிவிடச் சொல்ல "மாஃக் இக் எர் ஏவன் லாங்ஸ்?" பஸ்ஸில் ஏறும் முன் "ஃகாட் டேஸ பஸ் நார்..." என்று தொடங்கி ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், இந்த பஸ் அங்கே போகுமா என்று பொருள். "யா" என்றால் போகும், "நே" என்றால் போகாது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட உயர்ந்தது இந்த ஒரு வாக்கியம்: "வாட் ஸெஃகன் ஸ?" என்ன சொல்கிறார்கள் என்று பொருள். ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லி, பெட்டியில் இருக்கும் முகங்கள் மாறும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் மேலே கைகாட்டி இதைக் கேளுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டதுமே அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார். ஆங்கிலத்திலேயே கேட்டாலும் சொல்வார்தான். ஆனால் நம்மில் பலருக்கு, குறிப்பாக ஆங்கிலத்தில் முழு வாக்கியம் அமைக்கத் தயங்கும் அம்மாக்களுக்கு, மனப்பாடம் செய்த மூன்று சொல் எளிது. ஆங்கிலத்தில் தவறு வந்தால் வெட்கப்படுகிறோம். டச்சில் தவறு வந்தால் யாரும் எதிர்பார்த்ததுதானே.

ஒரு எச்சரிக்கை. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் கால் வைக்கும் இடம் பல இடங்களில் சைக்கிள் பாதையாக இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். "ஃபீட்ஸ்பாட்" என்று பெயர். அதில் சைக்கிள் வேகமாக வரும், மின்சார சைக்கிள் சத்தமே இல்லாமல் வரும். நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். யாராவது "பாஸ் ஒப்!" அல்லது "லெட் ஒப்!" என்று கத்தினால் பேச்சை விட்டு ஒதுங்குங்கள், கவனம் என்று பொருள். நான் அங்கே இருந்த நாட்களில் ரயிலைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

கைபேசி இருக்கிறதே, படம் எடுத்தால் மொழிபெயர்த்துக் கொடுக்குமே என்று இளையவர்கள் சொல்வார்கள். பலகைக்கு அது நல்ல துணை. பயணத்துக்கு 9292 என்ற செயலியும் ரயில் நிறுவனத்தின் செயலியும் ஆங்கிலத்திலேயே வழி சொல்லும், இரண்டையும் இங்கிருந்தே இறக்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஒலிபெருக்கி அரை நிமிடத்தில் பேசி முடித்துவிடும். நாம் கண்ணாடியைத் தேடிப் போட்டு, கைபேசியைத் திறப்பதற்குள் எல்லாரும் இறங்கியிருப்பார்கள். காது மட்டும்தான் எப்போதும் திறந்திருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு யோசனை. காலையில் நம் மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போவோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் ஒருவர் எழுந்து "ஃபொல்ஃகெண்ட ஹால்ட்ட, கேத்தி" என்று அறிவிக்க வேண்டும். நடுநடுவே நான் "ரைட் நீட்", "ஐண்ட்பண்ட்", "ஓவர்ஸ்டாப்பன்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வேன். சரியாகப் புரிந்துகொண்டவர்கள் எழுந்து நிற்கலாம், புரியாதவர்கள் "வாட் ஸெஃகன் ஸ?" என்று கேட்கலாம். சுற்றுலாப் பயணிகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏழு வாரம் வீட்டுக்குள் இருந்த அந்த அம்மாதான் முதலில் பெயர் கொடுத்திருக்கிறார், அடுத்த பேரக்குழந்தைக்காக மறுபடியும் போகிறாராம்.

சொற்கள் ஆங்கில எழுத்தில் பலகையில் எப்படி இருக்கும், தமிழில் எப்படி ஒலிக்கும், என்ன பொருள் என்று ஒரு தாளில் அச்சடித்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், கண்ணாடி இல்லாமலும் படிக்கலாம். பைக்குள் மடித்து வைக்க இன்னொரு சின்னத் தாளும் உண்டு. அதன் பின்பக்கத்தில் மகன் அல்லது மகள் வீட்டு முகவரி, இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர், கைபேசி எண் மூன்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ரயில் பயிற்சிக்கு வருபவர்கள் செயலாளர் அம்மாவிடம் இந்த வாரத்துக்குள் பெயர் சொல்லிவிடுங்கள். டிக்கெட் அவரவர் செலவு, கேத்தியில் வர்க்கி என் செலவு.